பரிகாசத்தை வென்ற பெயர்: ஸ்கோடா வண்டியின் சரித்திரம்

உலகத்தில் ஒரு பொருளின் தன்மை வேறு; அப்பொருளைப்பற்றி மக்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. இவ்விரண்டும் ஒத்து நிற்கும் காலமும் உண்டு. ஒன்றற்கொன்று மாறுபட்டு நிற்கும் காலமும் உண்டு. பொருள் கெட்டுப்போன பின்பும் பழம் பெயரின் பெருமையால் விலைபோகும் சரக்குகளை நாம் கடைத்தெருவில் நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறே, பொருள் திருந்திய பின்பும் பழைய இகழ்ச்சியைச் சுமந்துகொண்டு வாங்குவாரின்றிக் கிடக்கும் சரக்குகளும் உள. முன்னதைப்பற்றி எச்சரிக்கை செய்வோர் பலர். பின்னதைப்பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே.

ஒரு பெயரின்மீது ஒருமுறை படிந்த இகழ்ச்சி எவ்வாறு நீங்கும்? பெயரை மாற்றிக்கொண்டால் நீங்குமா? ஓயாமல் பெருமை பேசினால் நீங்குமா? அல்லது காலம் தானாகவே அதனைக் கழுவிவிடுமா? இக்கேள்விகள் வியாபாரிகளுக்கு மட்டும் உரியன அல்ல. இகழ்ச்சியைத் தாங்கி வாழ்ந்த எந்த மனிதக் கூட்டத்துக்கும் இவை உரியனவே. இவற்றுக்கு விடை காண்பதற்கு ஐரோப்பாவில் தோன்றிய ஒரு மோட்டார் வண்டியின் சரித்திரம் நமக்குப் பெரிதும் துணை செய்கிறது. அவ்வண்டியின் பெயர் ஸ்கோடா.

இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பிரிட்டனில் இப்பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே ஜனங்கள் சிரித்தார்கள். “ஸ்கோடா வண்டியின் விலையை இரட்டிப்பாக்குவது எப்படி?” என்று ஒருவன் கேட்பான். “அதன் தொட்டியில் பெட்ரோல் நிரப்பிவிட்டால் போதும்” என்று மற்றொருவன் விடை சொல்லுவான். “பின்பக்கக் கண்ணாடிக்குச் சூடேற்றும் கம்பி வைத்திருப்பது எதற்கு?” என்பது இன்னொரு கேள்வி. “குளிர்காலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோரின் கை விறைக்காமல் இருப்பதற்கு” என்பது அதற்கு விடை. இத்தகைய பரிகாசங்கள் பள்ளிப் பிள்ளைகள் முதல் மேடை விகடக்காரர்கள் வரை எல்லோர் வாயிலும் உலவின. அவற்றைச் சொல்லிச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அவ்வண்டியில் ஒருமுறையேனும் ஏறியிருப்பார்கள் என்று கேட்பாரில்லை. அத்தகைய பெயர் பின்னர் அதே நாட்டில் மதிப்புடன் சொல்லப்படும் பெயராக மாறியது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்ததென்பதையே நாம் இங்கே ஆராயப் புகுகின்றோம்.

மானத்தில் பிறந்த தொழில்

சிரிப்புக்கு இடமான இந்த வண்டியின் பிறப்பு மிக்க கௌரவம் வாய்ந்தது. இப்போது செக் குடியரசு என்று வழங்கப்படும் நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியச் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தது. அதிகாரமும் பெருந்தொழிலும் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசுவோர் கையில் இருந்தன. ம்லாடா போலெஸ்லாவ் என்னும் ஊரில் வாட்ஸ்லாவ் கிளெமெண்ட் என்ற புத்தக வியாபாரி ஒருவர் இருந்தார். அவர் 1894-ஆம் ஆண்டில் ஜெர்மன் கம்பெனி ஒன்று செய்த சைக்கிளை வாங்கினார். அது பழுதுபட்டது. அதனைச் சீர்செய்து தரும்படி தம் தாய்மொழியாகிய செக் மொழியில் அக்கம்பெனியின் கிளைக்குக் கடிதம் எழுதினார். பதில் வேண்டுமானால் எங்களுக்குப் புரியும் பாஷையில் எழுதும் என்ற பொருளில் அங்கிருந்து விடை வந்ததாம்.

தம் ஊரில், தம் பணங்கொடுத்து வாங்கிய பொருளுக்காகத் தம் மொழியில் பேசக்கூடாதென்று சொல்லப்பட்ட அவமதிப்பை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. அதற்காக வீதியில் நின்று கூச்சலிடவும் இல்லை. இயந்திரத் தொழில் வல்லவரான வாட்ஸ்லாவ் லாரின் என்பவரைத் துணையாகக் கொண்டு 1895-ஆம் ஆண்டின் இறுதியில் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பழுது பார்த்தவர்கள் விரைவில் தாமே சைக்கிள் செய்யலானார்கள். அதற்குத் தம் இனத்தின் பெயர் விளங்க “ஸ்லாவியா” என்று பெயரிட்டார்கள். 1899-ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள்களும், 1905-ஆம் ஆண்டில் முதல் மோட்டார் வண்டியும் அப்பட்டறையினின்று வெளிவந்தன. மொழி மானத்தைக் காக்க எழுந்த ஒரு சிறு பட்டறை பத்தே ஆண்டுகளில் மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலையாக வளர்ந்ததென்பது நம்மவர் ஊன்றி நோக்கத்தக்கது.

1924-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டு பலத்த சேதத்தை விளைத்தது. தனித்து நிற்க இயலாத நிலையில், 1925-ஆம் ஆண்டில் அது பில்சன் நகரத்து ஸ்கோடா தொழிற்சாலையோடு இணைந்தது. எமில் ஸ்கோடா என்பவர் 1869-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி வளர்த்த அத்தொழிற்சாலை இரும்பு, எஃகு, இயந்திரம், பீரங்கி ஆகியவற்றுக்குப் பேர்பெற்றது. அன்று முதல் வண்டிகளுக்கும் ஸ்கோடா என்ற பெயரே வழங்கலாயிற்று. செக் மொழியில் அச்சொல்லுக்கு “சேதம்” என்றும், “ஐயோ பாவம்” என்றும் பொருள் உண்டு. ஆயினும் அது ஒரு குடும்பப் பெயர். அப்பெயரைச் செக் மக்கள் இகழவில்லை. செய்கின்ற வேலை நன்றாயிருக்குமளவும் சொல்லின் பொருளை எவரும் தேடிப்போவதில்லை.

இகழ்ச்சி வந்த வழி

1939-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றின. தொழிற்சாலை யுத்தத் தளவாடங்கள் செய்யும்படி திருப்பப்பட்டது. 1945-ஆம் ஆண்டில், யுத்தம் முடியும் தறுவாயில், அது குண்டுவீச்சுக்கும் இரையாயிற்று. அதே ஆண்டில் பெருந்தொழில்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன; 1948-ஆம் ஆண்டில் கம்யூனிஸ்டு ஆட்சி நிலைபெற்றது.

புதிய ஆட்சியில் வண்டித்தொழில் உடனே கெட்டுவிட்டதென்று சொல்வது நியாயமாகாது. 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த 1000 எம்.பி. என்ற வண்டி அக்காலத்துக்கு ஏற்ற நல்ல வண்டியே. இயந்திரத்தைப் பின்புறத்தில் வைத்துச் செய்யும் முறையை அது கைக்கொண்டது. அப்பொழுது ஐரோப்பாவில் வேறு பல கம்பெனிகளும் அவ்வாறே செய்துவந்தன. கேடு விளைந்தது அதற்குப் பின்னரே. 1970-ஆம் ஆண்டுகளில் மற்ற நாட்டார் இயந்திரத்தை முன்னே வைத்து, முன் சக்கரங்களே வண்டியை இழுத்துச் செல்லும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அம்முறையில் உள்ளே இடம் அதிகம்; வளைவுகளில் வண்டி அடங்கிச் செல்லும். ஸ்கோடாவின் பொறியியல் வல்லுநர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மேலிருந்து திட்டம் வகுத்த அதிகாரிகள் அதற்கு வேண்டிய முதலைக் கொடுக்க முன்வரவில்லை. வாங்குவோர் எத்துணை காலமாயினும் காத்திருந்து வாங்கியே தீரவேண்டும் என்ற நிலையில் சரக்கைத் திருத்தவேண்டிய அவசரம் யாருக்கு உண்டாகும்? ஆகவே பழைய அமைப்பே சிற்சில மாறுதல்களுடன் 1990-ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டு வந்தது.

இவ்வண்டிகள் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாயின. செக் அரசாங்கத்துக்கு அந்நிய நாணயம் தேவைப்பட்டது. ஆதலின் விலையைக் குறைத்து விற்றார்கள். குறைந்த விலையே இகழ்ச்சிக்கு முதற்காரணமாயிற்று. ஏனெனில், செல்வம் மிகுந்த நாடுகளில் மோட்டார் வண்டியென்பது ஏறிச்செல்லும் கருவி மட்டுமன்று. தன் அந்தஸ்து இன்னதென்று அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும் பலகையும் அதுவேயாகும். மலிவான வண்டியை வாங்கியவன் சிக்கனமுள்ளவன் என்று பெயரெடுப்பதில்லை. கதியற்றவன் என்றே பெயரெடுக்கிறான். இத்துடன் கீழை ஐரோப்பாவினின்று வரும் எதுவும் மட்டமானது என்ற அரசியல் எண்ணமும் சேர்ந்துகொண்டது. வண்டியில் உண்மையாகவே குறைகள் இருந்தன. ஆனால் பரிகாசம் குறைகளின் அளவோடு நிற்கவில்லை. 1977-ஆம் ஆண்டின் மாண்டிகார்லோ பந்தயத்தில் ஸ்கோடா வண்டி தன் வகுப்பில் முதலிடம் பெற்றது. பிரிட்டனில் நடந்த பந்தயங்களிலும் அவ்வண்டிகள் தம் வகுப்பில் பலமுறை வென்றன. அவ்வெற்றிகள் பரிகாசக்காரரின் காதில் விழவேயில்லை. இகழவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தவனுக்குச் சான்றுகள் தேவையில்லை. சான்றுகள் எதிரே வந்து நின்றாலும் அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பொருள் திருந்தியது; எண்ணம் திருந்தவில்லை

1987-ஆம் ஆண்டில் “ஃபேவரிட்” என்ற புதிய வண்டி வெளிவந்தது. அதன் உருவத்தை அமைத்தவர்கள் இத்தாலி தேசத்துப் பெர்டோனே கம்பெனியார். இயந்திரம் முன்னே சென்றது. முன் சக்கரங்களே வண்டியை இழுத்தன. 1989-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் செக்கோஸ்லோவாகியாவில் இரத்தஞ்சிந்தாத புரட்சி நிகழ்ந்து கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்தது. புதிய அரசாங்கம் ஸ்கோடாவுக்கு ஒரு வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடியது. பிரெஞ்சு ரெனோ கம்பெனியும் ஜெர்மன் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியும் போட்டியிட்டன. அரசாங்கம் ஃபோக்ஸ்வேகனைத் தேர்ந்தது. 1991-ஆம் ஆண்டில் கூட்டு ஏற்பட்டது. 2000-ஆம் ஆண்டில் ஸ்கோடா முழுவதும் ஃபோக்ஸ்வேகனுக்கு உரியதாயிற்று.

தாய்மொழியில் எழுதியதற்காக ஜெர்மன் கம்பெனியால் அவமதிக்கப்பட்டவர் தொடங்கிய தொழில் நூறாண்டுகளுக்குள் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் கைக்கு வந்தது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று. ஆனால் புதிய உரிமையாளர் அப்பெயரை அழித்துவிடவில்லை. ஸ்கோடா ஸ்கோடாவாகவே நின்றது. சிறகு பொருந்திய அம்பாகிய அதன் பழைய இலச்சினையும் நீங்கவில்லை. 1996-ஆம் ஆண்டில் “ஆக்டாவியா” என்ற வண்டி வெளிவந்தது. ஃபோக்ஸ்வேகனின் பேர்பெற்ற “கோல்ஃப்” வண்டிக்கு அமைந்த அடித்தளத்தின்மீதே அது கட்டப்பட்டது. வண்டிகளைச் சோதித்து எழுதும் பத்திரிகைக்காரர்கள் அதனைப் பாராட்டினார்கள்.

நியாயப்படி பார்த்தால் இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. 1998-ஆம் ஆண்டில் ஆக்டாவியா பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பெருந்தொகை செலவிட்டு விளம்பரம் செய்தார்கள். முதலாண்டில் விற்ற வண்டிகள் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. பொதுமக்களிடம் விசாரித்தபோது பத்தில் ஆறு பேர் ஸ்கோடாவை வாங்குவதைப்பற்றி நினைக்கவும் மாட்டோம் என்றார்கள். ஆனால் அவ்வண்டியை ஏற்கெனவே வாங்கி ஓட்டியவர்களோ திருப்தியுடன் இருந்தார்கள். உரிமையாளரின் மனநிறைவை அளந்த கணக்கெடுப்புகளில் ஸ்கோடா உயர்ந்த இடங்களைப் பெற்றுவந்தது.

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் நோய் எங்கேயிருந்ததென்பது தெளிவாகும். வண்டியை அறிந்தவன் மதித்தான்; அறியாதவன் இகழ்ந்தான். அறியாதவனிடத்தில் போய் இயந்திரத்தின் சிறப்பையும் பெட்ரோல் சிக்கனத்தையும் எத்தனை முறை எடுத்துரைத்தாலும் பயன் என்ன? அவன் அவற்றை ஒப்புக்கொண்டாலும் வாங்கமாட்டான். ஏனெனில் அவன் அஞ்சியது வண்டியின் பழுதுக்கு அன்று, “போயும் போயும் ஸ்கோடாவா வாங்கினாய்?” என்று கேட்டுப் புன்னகை செய்யப்போகும் அண்டை வீட்டுக்காரனுக்கே அஞ்சினான். தர்க்கத்தால் உண்டாகாத எண்ணத்தைத் தர்க்கத்தால் மட்டும் நீக்கமுடியாதென்பது சீர்திருத்தக்காரர் யாவரும் அனுபவத்தில் கண்ட உண்மையன்றோ?

சிரிப்பைத் திருப்பிய விளம்பரம்

2000-ஆம் ஆண்டில் “ஃபாபியா” என்ற சிறு வண்டி பிரிட்டனுக்கு வந்தது. மோட்டார் பத்திரிகை ஒன்று அதனையே அவ்வாண்டின் சிறந்த வண்டியாகத் தேர்ந்தது. விளம்பரப் பொறுப்பு லண்டனிலிருந்த ஃபாலன் என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் கைக்கொண்ட வழி விந்தையானது. வண்டியின்மீதுள்ள இகழ்ச்சியை மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதனையே எடுத்துத் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் காட்டினார்கள்.

ஒரு விளம்பரத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்துக் காவற்காரன் ஒருவன் வண்டிக்கு உரியவனிடம் மிகவும் வருந்தி மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவு அழகிய வண்டியின்மேல் யாரோ போக்கிரிகள் ஸ்கோடா இலச்சினையை ஒட்டிவிட்டார்கள் என்பதே அவன் வருத்தம். மற்றொன்றில், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கவந்த பெரிய மனிதர் ஒருவர் அங்கே நிற்கும் வண்டிகளைக் கண்டு வியக்கிறார். வியந்துவிட்டு, அந்த வேடிக்கையான ஸ்கோடா வண்டிகளையும் நீங்கள் இங்கேதான் செய்கிறீர்களாமே என்று கேட்கிறார். தாம் வியந்ததே ஸ்கோடா என்பது அவருக்குத் தெரியவில்லை. “இது ஸ்கோடாதான், சத்தியமாக” என்ற பொருளுள்ள சிறு வாசகம் இறுதியில் தோன்றும். அவ்வளவே விளம்பரம்.

இதன் நுட்பத்தைச் சிறிது ஆராய்வோம். பழைய பரிகாசத்தில் சிரிக்கப்பட்டது வண்டி. புதிய விளம்பரத்தில் சிரிக்கப்படுகிறவன் யார்? கண்முன் நிற்கும் நல்ல பொருளைக் காணாமல், காதில் விழுந்த பழைய கதையை நம்பிக்கொண்டிருப்பவன். சிரிப்பு நின்றுவிடவில்லை; அதன் திசை மாறியது. பார்க்கின்ற ஒவ்வொருவனும், “நான் அந்தக் காவற்காரனைப்போல விவரமறியாதவன் அல்லேன்” என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்ள விரும்பினான். அவ்வாறு சொல்லிக்கொண்ட அக்கணத்திலேயே அவன் ஸ்கோடாவின் பக்கம் வந்துவிட்டான். நேற்றுவரை பரிகாசம் செய்தவனை “நீ மூடன்” என்று கடிந்திருந்தால் அவன் கோபங்கொண்டு தன் கொள்கையை இன்னும் இறுகப் பற்றியிருப்பான். அதற்கு மாறாக, மற்றொருவனுடைய மூடத்தனத்தைக் காட்டி அவன் தன் மூடத்தனத்தைத் தானே கைவிடும்படி செய்தார்கள்.

இதில் வேறொரு பயனும் உண்டு. முன்பே ஸ்கோடா வைத்திருந்தவர்கள், பிறர் கேட்கும்போது தலைகுனிந்து காரணம் சொல்லி வந்தார்கள். வண்டி செய்தவனே தலை நிமிர்ந்து நின்று, தன்மீது சொல்லப்படும் பரிகாசத்தை வெளியே சொல்லிச் சிரிக்கும்போது, அப்பரிகாசத்துக்கு ஏது வலிமை? எவன் இகழ்ச்சிக்கு அஞ்சவில்லையோ அவனிடத்தில் இகழ்ச்சி வேலை செய்வதில்லை.

இம்முறை முற்றிலும் புதிதென்று சொல்வதற்கில்லை. ஃபோக்ஸ்வேகன் கம்பெனியே தன் சரித்திரத்தில் இதனைக் கண்டதுதான். ஹிட்லரின் ஆணையால் உருவான சின்னஞ்சிறு வண்டியை யுத்தத்துக்குப்பின் அமெரிக்காவில் விற்பது எளிதா? பெரிய வண்டியே பெருமை என்று கருதிய நாடு அது. 1959-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் அவ்வண்டியின் சிறுமையை மறைக்காமல், சிறியதாகவே எண்ணிப் பாருங்கள் என்று வெள்ளைத் தாளின் மூலையில் சிறு படமாக அச்சிட்டுக் காட்டியது. அடுத்த ஆண்டில், வண்டியின் படத்துக்குக் கீழே “உதவாத சரக்கு” என்ற பொருளுள்ள ஒரே சொல்லைத் தலைப்பாக வைத்தது. உள்ளிருந்த சிறு பெட்டியின் ஓரத்து உலோகப் பட்டையில் ஏதோ சிறு குறை இருந்ததால், சோதனை செய்வோர் அவ்வண்டியைக் கழித்துவிட்டார்கள் என்று கீழே விளக்கியது. தன் குறையைத் தானே சொல்பவனுடைய மற்ற வார்த்தைகளையும் மக்கள் நம்புகிறார்கள் என்பதே இவ்விளம்பரங்களின் சூத்திரம்.

விளம்பரத்தால் மட்டும் ஆகுமா?

இவற்றைப் படிக்கும் சிலர், நல்ல விளம்பரம் இருந்தால் எதனையும் விற்றுவிடலாம் என்று முடிவு செய்யக்கூடும். அது பெருந்தவறு. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் 1957-ஆம் ஆண்டு செப்டம்பரில் “எட்சல்” என்ற வண்டியை வெளியிட்டார்கள். வெளிவருமுன்னரே நாடெங்கும் ஆவலைக் கிளப்பினார்கள். விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். கடைகளுக்கு மக்கள் திரளாக வந்தார்கள், பார்த்தார்கள், வாங்காமல் போனார்கள். 1959-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வண்டி செய்வதையே நிறுத்திவிட நேர்ந்தது. பறைசாற்றிய பெருமைக்கு ஏற்ற பொருள் உள்ளே இல்லை என்பதை மக்கள் கண்டுகொண்டார்கள்.

ஸ்கோடாவின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே பொருள் முதலில் திருந்தியது. சொல் பின்னர் வந்தது. 1987-ஆம் ஆண்டுமுதல் பதின்மூன்று ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்த உழைப்பே 2000-ஆம் ஆண்டின் சிரிப்புக்கு உரம். பழைய பின்-இயந்திர வண்டியை வைத்துக்கொண்டு அதே விளம்பரத்தைச் செய்திருந்தால், அது பரிகாசத்துக்கு மேலும் ஒரு பரிகாசமாக முடிந்திருக்கும். “சத்தியமாக” என்ற சொல் சத்தியமாக இருந்ததனாலேயே பலித்தது.

பலித்ததென்பதில் ஐயமில்லை. ஸ்கோடாவை நினைக்கவும் மாட்டோம் என்றோர் தொகை குறைந்தது, விற்பனை பெருகியது. 2007-ஆம் ஆண்டில் இரண்டாவது ஃபாபியா வந்தபோது, சமையற்கலைஞர் பலர் கூடி முழு வண்டியையும் கேக்கினால் செய்து நிறுத்தும் விளம்பரம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் பழைய பரிகாசத்தைப்பற்றிய பேச்சே இல்லை. இனி அதற்கு விடைசொல்ல வேண்டிய அவசியம் இல்லாதுபோயிற்று என்பதே உண்மையான வெற்றி. 2016-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பதிவான புதிய ஸ்கோடா வண்டிகள் 80,000-க்கு மேற்பட்டன.

பண்டமும் மனிதனும்

இச்சரித்திரத்தை நம்மவர் படிக்கும்போது ஓர் ஒப்புமை மனத்தில் தோன்றாமற் போகாது. பிறப்பைக் காட்டியும் தொழிலைக் காட்டியும் சில பெயர்களை இகழ்ச்சிச் சொற்களாக்கி வைத்த உலகம் இது. இந்த மலாய் நாட்டில் காட்டை வெட்டித் தோட்டமாக்கி, பாதை போட்ட நம் மக்களைக் குறிக்க வழங்கிய “கூலி” என்ற சொல் அவற்றுள் ஒன்று. உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தின் பெயரையே உழைத்தவனுக்கு வசைப்பெயராக்கினார்கள். இத்தகைய இகழ்ச்சிக்கு ஆளானோர், ஒளிந்துகொள்வதா, பெயரை மாற்றிக்கொள்வதா, அல்லது பழம்பெருமை பேசி ஆறுதலடைவதா என்று தடுமாறியதை நாம் அறிவோம். ஒளிவதிலும் மிகைத்துப் பேசுவதிலும் பயனில்லை, இகழ்ச்சியை வெளிச்சத்தில் நிறுத்தி அதன் அறியாமையை எல்லோரும் காணச் செய்வதே வழி என்பது ஸ்கோடாவின் பாடம். அது நமக்கும் பொருந்தும்.

ஆயினும் ஒப்புமையை ஓர் எல்லைக்குமேல் கொண்டுசெல்லலாகாது. ஸ்கோடா வண்டியில் ஒரு காலத்தில் உண்மையான குறைகள் இருந்தன. ஆகவே முதலில் அது திருந்தவேண்டியதாயிற்று. பண்டத்தைப் பொறுத்தவரையில் அதுவே நியாயம். குறையுள்ள பண்டத்துக்கு மதிப்பைக் கோர எவனுக்கும் உரிமையில்லை. மனிதன் பண்டமல்லன். “நீ முதலில் படி, பணம் தேடு, எங்களைப்போல் உடுத்து, அதன்பின் உன்னை மதிக்கிறோம்” என்று ஒருவன் மற்றொருவனுக்குச் சொல்வானாயின், அவன் மனிதனைச் சரக்காக்கி விலை பேசுகிறான் என்பதே பொருள். மக்கள் கல்வியிலும் பொருளிலும் உயரவேண்டும்; அது அவர்தம் நன்மைக்காக. பிறருடைய மதிப்பைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலையாக அன்று. மதிப்பு மனிதனுக்குப் பிறவியிலேயே உரியது. வண்டிக்கு வேண்டியது திருத்தமும் விளம்பரமும். மனிதனுக்கு வேண்டியது நீதி. இவ்வேற்றுமையை மறந்தோமாயின் ஸ்கோடாவின் சரித்திரத்தினின்று தவறான பாடத்தையே கற்றவர்களாவோம்.

சத்தியத்தின் விலை

இச்சரித்திரத்துக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அதனை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் பாடுவது பத்திரிகைத் தர்மம் ஆகாது.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின்மீது பெருங்குற்றம் சாட்டியது. டீசல் வண்டிகளில் அமைந்த கணினிக் கட்டளைகள், வண்டி சோதனைக்கூடத்தில் இருக்கிறதா, வீதியில் ஓடுகிறதா என்பதை அறிந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருந்தன. சோதனையின்போது நச்சுப்புகை அடங்கியிருக்கும். வீதியில் ஓடும்போது அனுமதித்த அளவுக்குப் பன்மடங்கு அதிகமாக வெளிப்படும். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் இதில் அடங்கின என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அவற்றுள் சுமார் 12 லட்சம் ஸ்கோடா வண்டிகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்காடிய சுமார் 91,000 வண்டிக்காரர்களுக்கு 193 மில்லியன் பவுன் கொடுத்து 2022-ஆம் ஆண்டில் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

மக்களின் பரிகாசத்தை எதிர்த்து நின்றபோது ஸ்கோடாவுக்குத் துணையாயிருந்தது ஒரே ஒரு சொல். அது “சத்தியமாக” என்பது. அச்சொல்லை நம்பித்தான் பல்லாயிரவர் அண்டை வீட்டாரின் சிரிப்புக்கு அஞ்சாமல் வண்டியை வாங்கினார்கள். அத்தகையோர் வாங்கிய வண்டிகளிலும் பொய் சொல்லும் கருவி வைக்கப்பட்டது வருந்தத்தக்கது. முன்னாளில் மக்கள் ஸ்கோடாவின்மீது கொண்டிருந்த எண்ணம் உண்மைக்குக் கீழ்ப்பட்டிருந்தது. ஆகவே உண்மையைக் காட்டிய மாத்திரத்தில் பெயர் உயர்ந்தது. பின்னாளில் எண்ணம் உண்மைக்கு மேற்பட்டு நின்றது. ஆகவே உண்மை வெளிப்பட்ட மாத்திரத்தில் தலைகுனிய நேர்ந்தது. முன்னையது பிறர் செய்த அநீதி. பின்னையது தாய்க் கம்பெனி தானே தேடிக்கொண்ட இழிவு. முன்னதைச் சிரிப்பால் வெல்ல முடிந்தது. பின்னதை எந்த விளம்பரத்தாலும் வெல்ல முடியாது. அதனைத் தொழிற்சாலையில் மட்டுமே வெல்லவேண்டும்.

வியாபாரம் செய்யும் நம் இளைஞர்களும், பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நம் தலைவர்களும் இதனைச் சிந்திப்பார்களாக. பெயரை மாற்றுவதால் இழிவு நீங்காது. பெருமை பேசுவதால் மதிப்பு வாராது. பொருளைத் திருத்துங்கள், அதன்பின் அஞ்சாமல் உண்மையைச் சொல்லுங்கள், சொன்ன உண்மையை ஒவ்வொரு நாளும் காத்துக்கொள்ளுங்கள். இம்மூன்றனுள் மூன்றாவதே கடினமானது.